கேம் திக்குகிறது: டிஸ்ட்ரோவை மாற்றுவதா, டிரைவை மாற்றுவதா?

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு அக்கா மகன் போன் போட்டான். “மாமா, விட்சர் 3 ஜெர்க் அடிக்குது. நாளைக்கு லீவுதானே, இருக்கிற லினக்ஸைத் தூக்கிட்டு வேற டிஸ்ட்ரோ போட்டுரலாம்னு இருக்கேன். பாஸைட்டா, கேச்சிஓஎஸ்ஸா, எது போடட்டும்?”

“எஃப்பிஎஸ் எவ்வளவு காட்டுது மாப்ள?”

“அறுபது காட்டுது மாமா. ஆனா குதிரை மேல போறப்ப சடக் சடக்னு நிக்குது.”

அறுபது காட்டுகிறது, ஆனாலும் நிற்கிறது. நோயின் பாதி அடையாளம் இந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஒரு விநாடிக்குள் 59 ஃப்ரேம் தலா 15 மில்லி விநாடியில் வந்துவிட்டு, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 115 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், கூட்டிப் பாருங்கள், சரியாக ஒரு விநாடி. கவுண்டர் 60 என்றுதான் காட்டும். ஆனால் அந்த 115 மில்லி விநாடி திரை உறைந்து நின்றது. ஏழு ஃப்ரேம் வரவேண்டிய நேரம் அது. கண் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. எஃப்பிஎஸ் (ஒரு விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) குறைவாக இருப்பது வேறு, திக்குவது வேறு. முதலாவது கார்டின் பலம் போதவில்லை என்பது. இரண்டாவது, எங்கோ ஒரு இடத்தில் வேலை மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பது.

அந்த இடம் எது என்று தெரியாமல் டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையையே மாற்றுவது, குழாயில் தண்ணீர் சொட்டு சொட்டாக வருகிறதென்று வீட்டையே மாற்றுவது போல. அப்படி மாறியவர்களில் பலருக்குச் சரியாகியும் விடும், அதுதான் சிக்கலே. புது இன்ஸ்டாலில் கேமைப் புது டிரைவில் போட்டிருப்பார்கள், புது டிரைவர் வந்திருக்கும், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பத்து சமாசாரம் போயிருக்கும். பெயர் மட்டும் டிஸ்ட்ரோவுக்குப் போய்விடும்.

நான் அவனிடம் சொன்னது: இன்றைக்கு ராத்திரி எதையும் அழிக்காதே. மாங்கோஹட் போட்டு ஃப்ரேம் டைம் கோடு எப்படி ஓடுகிறது என்று பத்து நிமிடம் பார். திரையின் மூலையில் சிபியு, ஜிபியு, விராம் (கார்டின் சொந்த மெமரி), சூடு எல்லாம் காட்டும் சின்னப் பலகை அது. எஃப்பிஎஸ் எண்ணை மறந்துவிட்டு, கீழே ஓடுகிற கோட்டை மட்டும் பார். கோடு எப்போது துள்ளுகிறது என்று சொல்.

துள்ளலுக்கு ஒரு தாளம் உண்டு. புது இடத்துக்குள் முதல் தடவை போகும்போது மட்டும் துள்ளி, அதே இடத்துக்கு மறுபடி போனால் துள்ளாவிட்டால் ஷேடர், அதாவது பொருட்களை வரையக் கார்டுக்குத் தருகிற சின்னப் புரோகிராம். ஓடிக்கொண்டே இருக்கும்போது நிலப்பரப்பு மாற மாறத் துள்ளினால் டிஸ்க் அல்லது ரேம். முதல் பத்து நிமிடம் வெண்ணெய் மாதிரி போய்விட்டுப் பிறகு படி இறங்கினால் சூடு. கோடு நேராகவே இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் நடுங்குகிறதென்றால் மானிட்டரும் ஃப்ரேமும் ஒத்துப்போகவில்லை. மவுஸ், பாட்டு, எல்லாமே சேர்ந்து ஒரு நொடி செத்துப் பிழைத்தால் கேமை விட்டுவிட்டு வேறு எங்காவது தேட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டுதான் இனி வரும் வழிகளை எடை போடப் போகிறேன்.

டிஸ்ட்ரோ மாற்றம்

ஒரு டிஸ்ட்ரோவுக்கும் இன்னொன்றுக்கும் கேம் விஷயத்தில் உண்மையில் என்ன வித்தியாசம்? கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எந்தப் பதிப்பு, மெசா (கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) எந்தப் பதிப்பு, முன்கூட்டியே என்னென்ன செட்டிங் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஏஎம்டி, இன்டெல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மெசா முக்கியம், ஏனென்றால் கேம் கார்டோடு பேசுகிற மொழியான வல்கனுக்கான அவர்களுடைய டிரைவர் அதற்குள்தான் இருக்கிறது. என்விடியா வைத்திருப்பவர்களுக்கு டிரைவர் என்விடியாவிடமிருந்து வருகிறது. எந்த டிஸ்ட்ரோவில் போட்டாலும் அதே பொருள்தான். அக்கா மகனுடையது என்விடியா. புது டிரைவர் ஏற்கெனவே அவனிடம் இருந்தது. ஆகவே பாஸைட்டுக்குப் போனாலும் கேச்சிஓஎஸ்ஸுக்குப் போனாலும் கார்டின் பக்கம் அவனுக்குப் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

ஏஎம்டி ஆட்களுக்கு இது கொஞ்சம் வேறு கதை. டெபியன் 12 வந்தது 2023 ஜூன். அதிலிருந்த மெசா 22.3. ஷேடர் திக்கலைப் பெருமளவு குறைக்கிற வசதியை மெசாவிலுள்ள ஏஎம்டி டிரைவரான ஆர்ஏடிவி தானாகவே இயக்க ஆரம்பித்தது மெசா 23.1-இல், 2023 மே மாதம். சில வார இடைவெளியில் பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. டெபியன் 12-இல் ஏஎம்டி கார்டோடு உட்கார்ந்து “லினக்ஸில் கேம் ஆட முடியாது” என்று முடிவுக்கு வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. ஆனால் அவர்களுக்கும் டிஸ்ட்ரோவை மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது: தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துவரும் ஃபிளாட்பேக் பொதியாக, கேம் வாங்கி ஆடும் செயலியான ஸ்டீமைப் போட்டால், அது தன் ரன்டைமோடு புது மெசாவையும் கொண்டுவருகிறது. அடியில் டெபியன் அப்படியே இருக்கும். இல்லையென்றால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு ஏறிவிடலாம், அதில் மெசா 25.0.

உபுண்டுவின் ஸ்னாப் பொதியாக வரும் ஸ்டீமைப் பற்றி ஒரே வரி: ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரே 2024 ஜனவரியில் அதைத் தவிர்க்கும்படி வெளிப்படையாகச் சொன்னார். ஸ்னாப்பில் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு டெப் பொதியையோ ஃபிளாட்பேக்கையோ போட்டுப் பாருங்கள். டிஸ்ட்ரோ மாற்றும் வேலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது.

கர்னல் மாற்றம்

சென் கர்னல், லிக்கரிக்ஸ், கேச்சிஓஎஸ்ஸில் கிடைக்கிற போர் (BORE) ஷெட்யூலர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எந்த வேலைக்கு எப்போது சிபியு நேரம் என்று முடிவு செய்கிற கர்னல் பகுதிதான் ஷெட்யூலர். சிபியுவுக்கு வேறு வேலை நிறைய இருக்கும்போது, பின்னணியில் எதையாவது கம்பைல் செய்துகொண்டே கேம் ஆடும்போது, ஷெட்யூலர் வித்தியாசம் தெரியும். கேம் மட்டும் தனியாக ஓடும்போது எனக்குக் கண்ணால் தெரிந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையை இதில் கழிக்க மாட்டேன்.

ஆனால் கர்னலே குற்றவாளியாக இருந்த இரண்டு கதைகளைச் சொல்லாமல் போக முடியாது. 2022-இல் வந்த 5.19 கர்னல், ஸ்ப்ளிட் லாக் என்கிற தப்பான மெமரி அணுகலைச் செய்கிற புரோகிராம்களை வேண்டுமென்றே மெதுவாக்கியது. தப்பு செய்கிறவர்களுக்குத் தலையில் ஒரு குட்டு என்பது எண்ணம். காட் ஆஃப் வார் கேம் அந்தத் தப்பை வரிசையாகச் செய்துகொண்டிருந்தது. புதிய இன்டெல் சிபியு வைத்திருந்தவர்களுக்குக் கேம் ஆட முடியாத அளவுக்குப் படுத்துவிட்டது. 6.2-இல் இதை அணைக்க ஒரு செட்டிங் கொடுத்தார்கள். ஃபெரல் நிறுவனத்தின் கேம்மோடு 1.8 பதிப்பு, கேம் ஓடும் வரை அதைத் தானே அணைத்துவைக்கிறது. சிபியு கவர்னரையும் வேகத்துக்கு மாற்றிவிடும், கேம் முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். கேம்மோடு போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

இரண்டாவது கதை ஏஎம்டியின் ரைசன் சிபியு வைத்திருப்பவர்களுக்கு. சிபியுவுக்குள் இருக்கும் டிபிஎம் என்கிற பாதுகாப்புப் பகுதியிடம் கர்னல் 6.1 அவ்வப்போது தற்செயல் எண் கேட்க ஆரம்பித்தது. கேட்கும்போதெல்லாம் சில போர்டுகளில் முழு மெஷினும் ஒரு கணம் நின்றது, பாட்டுகூடத் திக்கியது. 2023 ஜூலையில் லினஸ் டோர்வால்ட்ஸே பொறுமையிழந்து அந்தச் சனியனை மொத்தமாக அணைத்துத் தொலைக்கலாம் என்றார், 6.5-இல் அணைத்தார்கள். கேமும் பாட்டும் மவுஸும் சேர்ந்து நிற்கிற நோய் என்றால், ரைசனும் 6.1 வாக்கில் கர்னலும் இருந்தால், இங்கே கை வையுங்கள். பயாஸ் அப்டேட் போட்டாலும் சரியாகும்.

ப்ரோட்டான், ஷேடர்

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கேம் லினக்ஸில் ஓடுவதே ஒரு மொழிபெயர்ப்பு. டைரக்ட்எக்ஸ் 9, 10, 11 பேசுகிற கேமை டிஎக்ஸ்விகே வல்கனுக்கு மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12-ஐ விகேடி3டி-ப்ரோட்டான் மாற்றுகிறது. இவற்றை, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டுகிற வைனோடு சேர்த்துக் கட்டி வால்வ் கொடுக்கிற மூட்டைதான் ப்ரோட்டான், அதன் முதல் பதிப்பு வந்தது 2018 ஆகஸ்டில்.

பழைய டிஎக்ஸ்விகேயில் ஏன் திக்கியது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் எந்தக் கறி வேண்டும் என்று தெரிகிறது. தெரிந்த பிறகு காய் நறுக்கி, வேகவைத்து, தாளித்துக் கொண்டுவந்தால் பந்தி நிற்கத்தானே செய்யும்? ஒரு பொருளைத் திரையில் வரைய வேண்டிய நொடியில்தான் அதற்கான ஷேடர் பைப்லைன் முழுசாகத் தெரியவரும், அங்கேயே உட்கார்ந்து கம்பைல் செய்வார்கள். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 இதை மாற்றியது. வல்கனின் கிராபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி வசதியை வைத்து, கேம் ஷேடரை லோடு பண்ணும்போதே காயெல்லாம் நறுக்கி வேகவைத்துத் தனித்தனியாக எடுத்துவைத்துவிடும். வரைகிற நேரத்தில் சேர்த்துத் தாளித்துக் கொட்டுகிற வேலை மட்டும்தான். டிரைவரும் அந்த வசதியைத் தர வேண்டும், மேலே சொன்ன மெசா 23.1 கதை அதுதான்.

ஆகவே டிஎக்ஸ்விகே அசிங்க் போடு என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். அது கம்பைல் ஆகாத பொருளை வரையாமல் தாண்டிப் போகிற ஒட்டு வேலை. மரமும் ஆளும் அரை நொடி தாமதித்து முளைப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது வரம். இப்போது தேவை முடிந்துவிட்டது.

டைரக்ட்எக்ஸ் 12 சங்கதி வேறு. அங்கே பைப்லைனை முழுசாக முன்கூட்டிச் செய்துவைக்கும் பொறுப்பு கேமை எழுதியவர்களுடையது. அவர்கள் சோம்பலாக இருந்தால் விண்டோஸிலும் திக்கும், லினக்ஸிலும் திக்கும். அன்ரியல் எஞ்சின் கேம்கள் பலவற்றின் மேல் விண்டோஸ்காரர்களே இதே புகார் சொல்வதைப் பார்க்கலாம். சில சமயம் மொழிபெயர்ப்பாளன் மூலத்தை விட நன்றாகச் செய்துவிடுவதும் உண்டு. எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில் வந்தபோது விண்டோஸில் ஊரே திக்கல் என்று கத்தியது. கேம் சில இடங்களில் ஆயிரக்கணக்கில் கமாண்ட் பஃபர் போன்றவற்றை உருவாக்கித் தள்ளியதில் மெமரி நிர்வாகம் திணறியது. அந்த ஒதுக்கீடுகளை உடனே தூக்கிப்போடாமல் வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும்படி வால்வ் ஆட்கள் ப்ரோட்டானில் திருத்தினார்கள். சில நாட்களில் வால்வின் கையடக்க மெஷினான ஸ்டீம் டெக்கில் அந்த இடங்கள் விண்டோஸை விட வழவழப்பாக ஓடின.

ப்ரோட்டானில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் நிலையான பதிப்பில் ஆரம்பிப்பேன், திக்கினால் எக்ஸ்பெரிமென்டல், அதன் பிறகுதான் வெளியாள் திருத்தித் தருகிற ஜிஇ-ப்ரோட்டான். மாற்றுவதற்கு ஆகிற செலவு ஒரு கிளிக், திரும்பி வர ஒரு கிளிக். இந்த மலிவுக்காகவே கர்னலுக்கும் டிஸ்ட்ரோவுக்கும் முன்னால் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். லினக்ஸுக்கென்றே வெளியான கேமிலும் ப்ரோட்டானைக் கட்டாயப்படுத்திப் பாருங்கள். பல வருடங்களுக்கு முன் போர்ட் பண்ணிவிட்டுக் கைகழுவிய பதிப்பை விட, விண்டோஸ் பதிப்பு ப்ரோட்டானில் நன்றாக ஓடுவது சகஜம்.

விட்சர் 3-க்குத் தனிச் சலுகை ஒன்று இருக்கிறது. 2022 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு டைரக்ட்எக்ஸ் 11, 12 இரண்டில் எதில் ஆடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். 12-இல் ரே டிரேசிங் உண்டு, சிபியுவுக்குச் சுமையும் உண்டு. அவனுடைய 4 ஜிபி விராம் கார்டில் ரே டிரேசிங் போடுவது எப்படியும் நடக்கிற காரியமில்லை. “அப்ப எதுக்குடா 12-ல ஆடுறே?” என்று கேட்டேன். “அது புதுசு மாமா” என்றான்.

இன்னொன்றும் விசாரித்ததில் வெளியே வந்தது. கேமைத் தொடங்கும்போது வல்கன் ஷேடர்களைத் தயார் செய்கிறேன் என்று ஸ்டீம் ஒரு பட்டை காட்டும், பக்கத்தில் ஸ்கிப் பட்டன். இவன் தினமும் ஸ்கிப். பந்தியில் காய் நறுக்குகிறவனைத் தினமும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பாடு லேட் என்கிற கேஸ். புது டிரைவரும் நல்ல சிபியுவும் இருந்து டைரக்ட்எக்ஸ் 11 கேம் மட்டும் ஆடுகிறவர்கள் ஷேடர் ப்ரீ-கேச்சிங்கை அணைத்துவைத்தாலும் குடிமுழுகாது. மற்றவர்கள் டவுன்லோட்ஸ் செட்டிங்கில் பின்னணியில் தயார் செய்ய அனுமதித்துவிடுவது நல்லது. நாம் சாப்பிடும் நேரத்தில் அது வேலையை முடித்துவிடும். சில கேம்களில் கட்சீன் வீடியோக்களை லினக்ஸில் ஓடும் வடிவத்தில் கொண்டுவந்து தருவதும் இதே வசதிதான்.

டி டிரைவ்

பாதி ராத்திரியில் ஃப்ரேம் டைம் கோட்டின் போட்டோ வந்தது. குதிரை ஓட ஓடத் துள்ளல், நின்றால் சமம். பழைய வழியிலேயே திரும்பிப் போனாலும் துள்ளல். ஷேடர் மட்டும் காரணமாக இருந்தால் திரும்பிப் போகும்போது அமைதியாக இருக்க வேண்டுமே. “கேம் எந்த டிரைவ்ல இருக்கு?” என்றேன். விண்டோஸில் டி டிரைவ் என்று இருந்த பார்ட்டிஷனில். இரண்டு ஓஎஸ்ஸுக்கும் ஒரே கேம் ஃபோல்டர் போதுமே என்று, அதை பூட்டாகும்போதே மவுன்ட் ஆகும்படி அவனே எழுதிச் சேர்த்திருக்கிறான். சிக்கனம்தான், நானும் ஒரு காலத்தில் செய்ததுதான்.

கேமை ஓடவிட்டு ஆல்ட்-டேப்பில் சிஸ்டம் மானிட்டரைத் திற என்றேன். மவுன்ட்-என்டிஎஃப்எஸ் என்று ஒரு பிராசஸ் சிபியுவின் ஒரு கோர் (core) முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கிற பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் கர்னலுக்கு வெளியே ஃபியூஸ் (FUSE) என்கிற ஏற்பாட்டின் வழியாக ஓடுவது. கேம் ஒவ்வொரு தடவை ஃபைல் கேட்கும்போதும் அந்தக் கோரிக்கை கர்னலுக்குப் போய், அங்கிருந்து இந்தப் பிராசஸுக்கு வந்து, மறுபடி கர்னல் வழியாகக் கேமுக்குப் போகிறது. ஒரு வேலைக்கு மூன்று ஆபீஸ் ஏறி இறங்குகிற மாதிரி. திறந்த உலகக் கேம்களில் ஓடும்போதே நிலமும் மரமும் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும், அங்கே இது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இதற்கு இரண்டு வழி. 2021-இல் கர்னல் 5.15-இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவருக்கு மாற்றுவது ஒன்று. வேகம் வரும், விண்டோஸோடு பங்கு போட்டுக்கொள்ளும் வசதியும் இருக்கும். ஆனால் ப்ரோட்டான் உருவாக்குகிற ஃபோல்டரில் விண்டோஸுக்கு ஆகாத கோலன் குறி போட்ட பெயர்கள் வரும். என்டிஎஃப்எஸ்ஸில் அவை தகராறு பண்ணும். விண்டோஸ் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அணைக்கப்படாமல் இருந்தால் பார்ட்டிஷன் பாதித் தூக்கத்திலேயே நிற்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். இன்னொரு வழி, விண்டோஸ் பார்ட்டிஷனைச் சுருக்கி, கிடைத்த இடத்தில் லினக்ஸின் சொந்த ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4 போட்டு, ஸ்டீமின் ஸ்டோரேஜ் பக்கத்திலிருந்தே கேமை அங்கே நகர்த்துவது. விட்சர் 3, 50 ஜிபிக்கு மேல் இருக்கும். நகர டீ குடிக்கிற நேரம் போதாது, டிபன் நேரம் ஆகும். பணம் பைசா செலவில்லை. நான் எப்போதும் இந்த இரண்டாவது வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பார்ட்டிஷனில் கை வைப்பதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எண்ணைப் பூட்டுவது

யாரும் மதிக்காத வழி இது: ஃப்ரேம் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போடுவது. நாற்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில் அலைகிற கேமை விட, ஒரே எண்ணில் நிற்கிற கேம் கண்ணுக்கு வழவழப்பு. எந்த எண் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. அவன் லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ். ஃப்ரேமுக்கு ஏற்பத் துடிப்பை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதி இல்லாத திரையில் 60-இல் பூட்டினால் 144-ஐ 60-ஆல் வகுத்து 2.4 வரும். ஒரு ஃப்ரேம் இரண்டு துடிப்பு நிற்கும், அடுத்தது மூன்று துடிப்பு நிற்கும், மறுபடி இரண்டு. கோடு நேராக இருக்கும், கண் மட்டும் நடுங்கும். 72-இல் அல்லது 48-இல் பூட்டினால் மீதமில்லாமல் வகுபடும். கார்டுக்கு 72 எட்டாது என்றால் 48. ஒரு ஃப்ரேமுக்கு 20.8 மில்லி விநாடி. அல்லது திரையையே 120 ஹெர்ட்ஸுக்கு இறக்கி 60-ஐயோ 40-ஐயோ வைத்துக்கொள்ளலாம். 40 என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 30-இல் ஒரு ஃப்ரேம் 33.3, 60-இல் 16.7, நேரக் கணக்கில் இவற்றின் சரியான நடுப்புள்ளி 25, அதாவது 40 எஃப்பிஎஸ். ஸ்டீம் டெக்கில் 40 ஹெர்ட்ஸ் அவ்வளவு பிரபலமானதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

பூட்டினால் சூடும் குறையும். திருச்சி மே மாத மத்தியானத்தில் ஏசி இல்லாத அறையில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பில் கார்டைத் தேவையில்லாமல் முழு மூச்சாக ஓடவிட்டால் அது தானே மூச்சு வாங்கி வேகத்தைக் குறைக்கும். அந்தப் படி இறக்கத்தை எந்த டிஸ்ட்ரோவும் சரி செய்யாது. பலகை மேல் வை, பின்புறத்தைத் தூக்கி வை, தூசியைத் தட்டு. பவர் மோடு பெர்ஃபார்மன்ஸில் இருக்கிறதா, சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பார். இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்பில் கேம் எந்த ஜிபியுவில் ஓடுகிறது என்பதையும் மாங்கோஹட் பெயரோடு காட்டும். தனிக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளிருப்பதில் ஆடிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திரையில் விண்டோக்களைக் காட்டும் ஏற்பாடு வேலேண்டா எக்ஸ்11-ஆ என்பதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. வெவ்வேறு ஹெர்ட்ஸில் இரண்டு மானிட்டர் இருந்தாலோ விஆர்ஆர் வேண்டுமென்றாலோ வேலேண்ட். என்விடியாவில் ஃப்ரேம்கள் முன்பின்னாக வந்து மினுக்கிய காலம் 2024-இல் 555 டிரைவர், ஃப்ரேம் தயாரானதைச் சொல்லி ஒத்திசைக்கும் எக்ஸ்பிளிசிட் சிங்க் கொண்டுவந்ததோடு பெரும்பாலும் முடிந்தது. அதற்கு பிளாஸ்மா 6.1 போன்ற புது டெஸ்க்டாப்பும் வேண்டும். பழைய கார்டு, ஒரே மானிட்டர், ஏற்கெனவே நன்றாக ஓடும் எக்ஸ்11 என்றால் அப்படியே விடுங்கள். முழுத்திரை விண்டோக்களுக்குக் காம்போசிட்டிங்கை நிறுத்தும் ஆப்ஷன் இருந்தால் அதை மட்டும் போட்டுவிடுங்கள்.

விண்டோஸுக்கே திரும்பினால்?

இதைக் கேவலமான தோல்வியாக நான் நினைக்கவில்லை. வாலரன்ட்டும் ஃபோர்ட்நைட்டும்தான் உயிர் என்றால் இந்த ஆராய்ச்சியே வீண். ஆன்டி-சீட் காரணமாக அவை லினக்ஸில் திறக்கவே திறக்காது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் ஆன்டி-சீட் மாறியதிலிருந்து அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது, கதைப் பகுதி மட்டும் ஓடும். என்விடியா கார்டில் டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் விண்டோஸில் கொஞ்சம் கூடுதல் எஃப்பிஎஸ் தருவதும் உண்மை. ஆனால் விண்டோஸ் 10-க்குத் திரும்புவது சரிப்படாது, 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டும், 8 ஜிபி ரேமில் 11 கேட்கிற பங்கு கொஞ்சநஞ்சமல்ல. கேமை ஒழுங்காக எழுதாததால் வருகிற ஷேடர் திக்கல் அங்கேயும் கூடவே வரும். ஏற்கெனவே டூயல் பூட் இருப்பவனுக்குத் திரும்பிப் போக எதையும் அழிக்க வேண்டியதில்லை. அதே கேமை அங்கே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால், திக்கல் லினக்ஸினுடையதா மெஷினுடையதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்டோஸ் பார்ட்டிஷனை வைத்திருப்பதன் ஆகப் பெரிய பிரயோஜனம் எனக்கு இந்தப் பரிசோதனைதான்.

காசு செலவு

விராம் நிறைந்து வழிகிறதென்றால் முதலில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். உதாரணமாக, 128 பிட் ஜிடிடிஆர்6 கார்டு ஒன்று தன் மெமரியோடு விநாடிக்கு 192 ஜிபி அளவில் பேசும்; வழிந்ததை மதர்போர்டு ரேமிலிருந்து எடுக்க பிசிஐஇ 4.0-இன் எட்டு லேனில் ஏறத்தாழ 16 ஜிபிதான். நெடுஞ்சாலையிலிருந்து திடீரென்று சந்துக்குள் திரும்புகிற வண்டி.

ரேம் வேறு. அவன் லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி ஒற்றைக் கட்டை. டிடிஆர்4-3200-இல் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு கட்டை போட்டால் 51.2. கேமுக்குப் பின்னால் பிரவுசரில் இருபது டேப் திறந்துவைத்திருந்தால் ரேம் நிறைந்து டிஸ்க்கிலுள்ள ஸ்வாப்பைத் தொடும், தொட்டால் துள்ளும். இரண்டாவது 8 ஜிபி போடுவது நான் சிபாரிசு செய்கிற ஒரே செலவு. அதுவும் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிற நிலையில், மற்றதையெல்லாம் முடித்த பிறகு. அதுவரை சிராம் போட்டு ரேமுக்குள்ளேயே சுருக்கிவைத்துச் சமாளிக்கலாம். ஃபெடோரா 33-லிருந்து அதைத் தானாகவே செய்கிறது, மற்றவற்றில் ஒரு பொதி போட்டால் போதும்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா மகன் அடுத்த போட்டோ அனுப்பினான். எக்ஸ்ட்4 பார்ட்டிஷன், டைரக்ட்எக்ஸ் 11, 48-இல் பூட்டு, ஸ்கிப் அழுத்தாமல் முடியவிட்ட ஷேடர் பட்டை. டிஸ்ட்ரோ பழையதே. கோடு கயிறு கட்டிய மாதிரி ஓடியது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“அது எங்க மாப்ள?”

“நோவிகிராட் சந்தை மாமா. ஆளுங்க நெறைய இருக்காங்கல்ல.”

“பிரவுசரை மூடிட்டுப் பாத்தியா?”

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு ஒரு தலைகுனிந்த பொம்மையும், “மூடிட்டேன், பாதியா கொறஞ்சிருச்சு”ம் வந்தது. மீதிப் பாதிக்கு ரேம் வாங்கித்தரச் சொல்லி அம்மாவிடம் பேச முடியுமா என்று கேட்டிருக்கிறான். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.